7,500 ரூபாய்க்கு இரண்டு நாள்: நெருக்கடிகாலத் தலைமைத்துவச் செயலமர்வு ஒன்றைப் பற்றி

யாழ்ப்பாணத் திருநெல்வேலியில், பலாலி வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒழுங்கையொன்றில் உள்ள மண்டபத்தில், இவ்வாண்டின் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் நடைபெற்ற நெருக்கடிகாலத் தலைமைத்துவச் செயலமர்வில் பங்குபற்றினேன். கட்டணம் ஒருவருக்கு 7,500 ரூபாய். இரு நாள் மதிய உணவு, தேநீர், கைந்நூல், சான்றிதழ், செயலமர்வு முடிந்தபின் மூன்று மாதங்களுக்குத் தொலைபேசிவழி ஆலோசனை ஆகிய அனைத்தும் அத்தொகைக்குள் அடங்கும் என்று அறிவித்தலில் இருந்தது. இலங்கையைத் தாக்கிய டித்வா புயலுக்குப் பின் இத்தகைய அறிவித்தல்கள் அடிக்கடி கண்ணிற் படுகின்றன. தங்கள் சங்கத்திலிருந்தோ பாடசாலையிலிருந்தோ ஆள் அனுப்பலாமா என்று என்னிடம் சிலர் கேட்டதால் இதை எழுதுகிறேன். நடத்தியவர்களின் பெயரை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறைகளிற் பெரும்பாலானவை இத்தொழிலில் உள்ள எல்லோருக்கும் பொதுவானவை என்றே நினைக்கிறேன்.

நான் வடமராட்சிக் கரையோரக் கிராமமொன்றின் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஒன்பது ஆண்டுகளாகத் தலைவராக இருக்கிறேன். தலைமைத்துவம் என்னும் சொல்லைப் பதாகைகளிற் பார்த்திருக்கிறேனே தவிர, அதை ஒருவருக்குக் கற்பிக்க முடியும் என்று நம்பியவன் அல்லன். 1990களில், போரின் பொருளாதாரத் தடைக்காலத்தில், ஒரு சொட்டுப் பெற்றோலை ஊசியால் விட்டு மோட்டார் சைக்கிளை இயக்கிப் பின் மண்ணெண்ணெயில் ஓட்டிப் பழகியவர்களுக்கு, மண்டபத்தில் இருத்தி நெருக்கடியைப் பற்றிச் சொல்லித்தர என்ன இருக்கிறது என்ற செருக்கும் எனக்கு இருந்தது. யாரையாவது அனுப்ப வேண்டும் என்று நிருவாக சபை தீர்மானித்தது. அந்த வார இறுதியில் கடல் கொந்தளிப்பாக இருந்தபடியால் நானே போனேன்.

பங்குபற்றியோர் 26 பேர். பாடசாலைப் பிரதி அதிபர்கள் நால்வர், மருத்துவமனை விடுதிகளுக்குப் பொறுப்பான தாதியர் இருவர், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கிளை முகாமையாளர்கள், மாதர் சங்கத் தலைவியர், ஒரு போதகர், வெதுப்பகம் நடத்தும் ஒரு பெண் என்று பலதரப்பட்டவர்கள் வந்திருந்தார்கள். பயிற்சியை நடத்திய வளவாளர்கள் இருவர். ஒருவர் கொழும்பிலிருந்து வந்தவர், பெரிய நிறுவனங்களின் அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்துப் பழகிய இளைஞர். மற்றவர் ஓய்வு பெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்திலேயே நீண்டகாலம் உளவளத்துணையாளராகவும் பணியாற்றியவர். அறிவித்தலில் இளைஞரின் படம் பெரிதாகவும் ஆசிரியையின் பெயர் அடியிற் சிறிதாகவும் இருந்தன. அது மறுவளமாக இருந்திருக்க வேண்டும் என்பது முதல் நாள் காலை பத்து மணிக்கே தெரிந்துவிட்டது.

நடந்தது இதுதான். ஆளையாள் அறிந்துகொள்வதற்காக என்று சொல்லி எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பெயர், தொழில், விருப்பமான உணவு ஆகியவற்றுக்குக் கீழே, 'உங்கள் வாழ்வில் நீங்கள் எதிர்கொண்ட மிகப் பெரிய நெருக்கடி' என்று ஒரு கேள்வியும் அதற்கு விடை எழுத மூன்று கோடுகளும் இருந்தன. ஐந்து நிமிடம் தரப்பட்டது. வேறு ஊர்களில் இது வேலையை இழந்ததையோ, வியாபாரம் நொடித்ததையோ எழுதவைக்கும் சாதாரணக் கேள்வியாக இருக்கக்கூடும். ஆனால் அந்த மண்டபத்தில், 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு மழையில் யாழ்ப்பாண நகரை விட்டு நாவற்குழி வழியாகத் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் இருந்தார்கள். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி காலையில் வடமராட்சிக் கரையில் நின்றவர்கள் இருந்தார்கள். 2009இன் முதல் ஐந்து மாதங்களை வன்னியிற் கழித்த ஒரு தாதியும் இருந்தார். என் பக்கத்தில் இருந்த பிரதி அதிபர் '95' என்று மட்டும் எழுதிவிட்டுப் பேனையை மூடினார். தாதி ஒன்றும் எழுதாமல் எழுந்து வெளியே போனார். இளைஞர் இவற்றைக் கவனிக்காமல், எழுதியதை ஒவ்வொருவராக வாசிக்கும்படி உற்சாகமாகக் கேட்டுக்கொண்டார்.

அப்போதுதான் ஆசிரியை எழுந்தார். இளைஞரைக் கடிந்துகொள்ளாமல், முகத்திலும் எதையும் காட்டாமல், "இந்தத் தாளை மடிச்சு உங்கட பையுக்குள்ள வையுங்கோ. இது எங்களுக்குத் தேவையில்லை. பொறுப்பில இருக்கேக்க நீங்கள் எடுத்த ஒரு முடிவை மட்டும் நினைச்சுக்கொள்ளுங்கோ. 2019க்குப் பிந்தினதா இருக்கட்டும்" என்றார். பிறகு வெளியே சென்று தாதியுடன் சிறிது நேரம் நின்றுவிட்டு, அவரையும் அழைத்துக்கொண்டு உள்ளே வந்தார். பட்ட துன்பமும் எடுத்த முடிவும் வேறு வேறு என்பதை அவர் ஒரே வாக்கியத்திற் பிரித்துவிட்டார். பட்ட துன்பத்தில் நமக்குக் கணக்குக் கொடுக்க ஒன்றும் இல்லை. அழுவதற்கு மட்டுமே உண்டு. எடுத்த முடிவுக்குத்தான் கணக்கு உண்டு. தற்பரிசோதனை என்ற பெயரில் நடத்தப்படும் பல கூட்டங்கள் இந்த இரண்டையும் குழப்பி, ஆட்களை அழவைத்துவிட்டுச் செயலமர்வு வெற்றி என்று அறிக்கை எழுதுகின்றன. இனிமேல் நடத்துவோர் அந்த மூன்று கோடுகளைத் தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது என் முதலாவது வேண்டுகோள்.

முதல் நாளின் எஞ்சிய பகுதியை இளைஞர் எடுத்துக்கொண்டார். அவருடைய பாடம் பெரும்பாலும் ஏர்னஸ்ட் ஷாக்கில்டனைச் சுற்றியே இருந்தது. அண்டார்ட்டிக்காவைக் கடக்கப் புறப்பட்ட அவருடைய 'எண்டியூரன்ஸ்' கப்பல் 1915 சனவரியில் வெடல் கடலின் பனியில் இறுகி, அதே ஆண்டு நவம்பரில் மூழ்கியது; 28 பேரும் பனிக்கட்டி மீதும் பின் சிறுபடகுகளிலுமாக எலிபன்ட் தீவை அடைந்தார்கள்; அங்கிருந்து அவர் ஐவரை அழைத்துக்கொண்டு ஏறத்தாழ 800 மைல் தொலைவில் உள்ள தெற்கு ஜோர்ஜியாவுக்குப் படகோட்டிச் சென்று, 1916 ஓகஸ்ட் 30ஆம் திகதி மற்ற 22 பேரையும் மீட்டார். 'ஒருவரைக்கூட இழக்கவில்லை' என்ற வரி திரையிற் பெரிய எழுத்தில் மூன்று தடவை வந்தது.

கதை நல்ல கதைதான். மண்டபத்தில் வேறு எவரையும் விட நான் அதை ஆவலோடு கேட்டேன், ஏனென்றால் அந்தப் படகின் நீளம் 22 அடி சொச்சம்; எங்கள் பைபர் படகுகளை விடப் பெரிதாக ஒன்றும் பெரிதல்ல. அந்தப் படகில் அந்தக் கடலில் பதினாறு நாள் என்றால் என்ன என்பதை எங்கள் கரையில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. ஆகவே, அலைத் தண்ணீர் உள்ளே வராமல் என்ன செய்தார்கள், திசையை யார் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஷாக்கில்டனின் மனவுறுதி என்று விடை வந்தது. வீட்டுக்கு வந்தபின் மகனின் உதவியோடு தேடி வாசித்தபோது, திசை பார்த்தவர் கப்பற் தலைவர் பிராங்க் வோர்ஸ்லி என்றும், படகின் விளிம்பை உயர்த்திக் கித்தானால் மேல்தட்டு அமைத்துக் கொடுத்தவர் தச்சர் ஹரி மக்னிஷ் என்றும் அறிந்தேன். அந்தத் தச்சர் பனிமேல் இருந்த நாள்களில் ஒரு முறை கட்டளைக்கு எதிர்த்துப் பேசினார் என்பதற்காக, ஊர் திரும்பியபின் மற்றவர்களிற் பெரும்பாலானோருக்குக் கிடைத்த துருவப் பதக்கம் அவருக்கு மறுக்கப்பட்டது, மறுத்தவர் ஷாக்கில்டன். இதைவிட முக்கியமான ஒன்றும் இருக்கிறது. கண்டத்தின் மறுபக்கத்தில், அவர் கடந்து வரும் வழியில் உணவுக் கிடங்குகளை அமைப்பதற்காக அவரே 'அரோரா' கப்பலில் அனுப்பிய ரொஸ் கடற் பிரிவில் மூவர் இறந்தார்கள். அவர் ஒருபோதும் வராத வழியில் அவர்கள் கிடங்குகளை அமைத்து முடித்தார்கள். 'ஒருவரைக்கூட இழக்கவில்லை' என்பது அவர் கண்முன் நின்றவர்களுக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு.

இளைஞரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவருக்குக் கொடுக்கப்பட்ட பாடத்தில் அவ்வளவுதான் இருந்திருக்கும். ஆனால் தற்பரிசோதனை பற்றிய செயலமர்வொன்றில், தலைவர் தன் கண்ணுக்குத் தெரிந்தவர்களை மட்டும் எண்ணிக் கணக்கை முடித்துக்கொள்ளும் கதையை முன்மாதிரியாக வைப்பது விசித்திரமாக இருக்கிறது. அன்று இதை நான் உணரவில்லை. மறுநாள் பத்து மணிக்குத்தான் என் மடியிலேயே அது வந்து விழுந்தது.

முதல் நாள் மாலையில், அமெரிக்க இராணுவம் தன் பயிற்சிக் களங்களில் வளர்த்தெடுத்த மீளாய்வு முறையைச் சொல்லித் தந்தார்கள். என்ன நடந்திருக்க வேண்டும், உண்மையில் என்ன நடந்தது, வித்தியாசம் ஏன் வந்தது, அடுத்த முறை எதை வைத்திருப்போம், எதை மாற்றுவோம் என்று நான்கு கேள்விகள். பதவி நிலையை வெளியே விட்டுவிட்டு எல்லோரும் பேசலாம் என்பது அதன் விதி. இராணுவம் என்ற சொல் வந்ததும் மண்டபத்தில் ஓர் அசைவு ஏற்பட்டதை இளைஞர் விளங்கிக்கொள்ளவில்லை. இதற்குத் தமிழில் 'சுயவிமர்சனம்' என்ற சொல்லை அவர் பயன்படுத்தியபோது, மூத்தவர்கள் சிலர் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எண்பதுகளில் அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அது, ஒருவன் தானாகச் செய்வதாக அல்லாமல், அவனை இருத்திவைத்துச் செய்விப்பதாகவே நினைவில் இருக்கிறது. முறை நல்லது. சொல்லை மாற்றினால் இன்னும் நல்லது. கைந்நூலில் ஓரிடத்தில் 'தற்பரிசோதனை' என்றும் இன்னோரிடத்தில் 'சுயவிமர்சனம்' என்றும் மாறி மாறி வருவதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தவிர வேறு காரணம் தெரியவில்லை.

இனி, 7,500 ரூபாயைத் தாராளமாகக் கொடுக்கலாம் என்று என்னைச் சொல்லவைக்கும் பகுதி.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு ஆசிரியை பொறுப்பேற்றார். திரை இல்லை, ஒலிவாங்கி இல்லை. ஆளுக்கு நான்கு வெள்ளைத் தாள்கள். முதல் நாள் நினைத்துக்கொண்ட முடிவை, நடந்தபடி, அரை மணி நேரத்தில் எழுதச் சொன்னார். நான் 2022ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் எங்கள் சங்கத்துக்கு வந்த மண்ணெண்ணெயைப் பங்கிட்ட கதையை எழுதினேன்.

அந்தக் காலத்தை அறியாதவர்களுக்குச் சிறிது விளக்கம் தேவை. எங்கள் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் பெற்றோலில் தொடக்கப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுபவை. சுத்திகரிப்பதற்கான மசகு எண்ணெய் வாங்க டொலர் இல்லாமற் போனதால் சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையம் 2021 நவம்பர் தொடக்கம் திரும்பத் திரும்ப மூடப்பட்டது. மண்ணெண்ணெய் காணாமற் போனது. லீற்றர் 87 ரூபாய் என்று விலை இருந்ததே தவிர, அந்த விலைக்குப் பொருள் இருக்கவில்லை. 2022 ஓகஸ்டில் விலை 340 ரூபாயாக்கப்பட்ட பின்னர்தான் மெல்ல மெல்லத் தலைகாட்டியது. தீவகத்தைச் சேர்ந்த சுமார் 700 தொழிலாளர்களுக்கு இந்தியா 15,000 லீற்றர் வழங்கியது அவ்வாண்டிற் பெருஞ்செய்தி. தலைக்குக் கணக்கிட்டால் 21 லீற்றர், ஒருவர் ஒரு முறை தூரக் கடலுக்குப் போய்வரப் போதுமோ போதாதோ என்ற அளவு. அந்த 21 லீற்றருக்காக ஆட்கள் கண் கலங்கினார்கள் என்றால் நிலைமையை விளங்கிக்கொள்ளலாம்.

எங்களுக்கு ஒரு பவுசர் வண்டியில் 3,300 லீற்றர் வந்தது. சங்கத்தில் பதிவான படகுகள் 148. எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் எவருமே முழுத்தூரம் போய்வர முடியாது என்று நினைத்தேன். முதல் நாள் இரவு வீட்டில் இருந்து, அன்றைக்குத் தொழிலுக்குப் போகத் தயாராக இருந்த 110 படகுகளை மட்டும் குறித்து, படகுக்கு 30 லீற்றர் என்று பட்டியல் எழுதினேன். விளக்குக்கும் அடுப்புக்கும் கேட்டு நின்ற வீட்டுக்காரருக்கு இல்லை. காலையிற் பவுசர் வந்தது, பட்டியலை வாசித்தேன், ஊற்றினோம், நண்பகலுக்குள் முடிந்தது. ஒரு கைகலப்பு இல்லை, ஒரு தூஷண வார்த்தை இல்லை. அயற்கிராமங்களில் மண்டை உடைந்த நாள்கள் அவை. 'மிகவும் அமைதியாகப் பகிர்ந்தளித்தேன்' என்று எழுதி முடித்தேன். எழுதியதைத் திரும்ப வாசித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஆசிரியை தாள்களை வாங்கவில்லை, வாசிக்கவும் சொல்லவில்லை. "இப்ப புதுத்தாள் எடுங்கோ. அதே நாளை, உங்கட முடிவால வெறுங்கையோட திரும்பிப் போன ஒருத்தரா இருந்து எழுதுங்கோ. 'நான்' எண்டு தொடங்குங்கோ. ஊகிச்சு நிரப்பக் கூடாது. தெரியாத இடத்தில கோடு போட்டு வெறுமையா விடுங்கோ" என்றார். நாற்பத்தைந்து நிமிடம் தந்தார்.

அன்று வரிசையில் நின்றவர்களில் எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர் எங்கள் வாடியில், அதாவது கரையோரக் கொட்டிலில், கருவாடு போடும் ஆச்சி. என்னைச் சிறுவயதிலிருந்து தெரிந்தவர். ஐந்து லீற்றர்க் கானோடு நின்றது கண்ணில் இருக்கிறது. 'நான் விடியப்புறம்' என்று தொடங்கினேன். எத்தனை மணிக்கு வந்தார் என்று தெரியவில்லை, கோடு போட்டேன். எத்தனை மணி வரை நின்றார், கோடு. எண்ணெய் இல்லை என்று அவருக்குச் சொன்னது யார், கோடு. நான் சொல்லவில்லை என்பது மட்டும் தெரியும். அன்றிரவு எதில் சமைத்தார், கோடு. யாரிடமாவது கடன் கேட்டாரா, கோடு. ஒரு பக்கத்தை நிரப்புவதற்குள் பதினொரு இடங்கள் வெறுமையாகிவிட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அறிந்த ஒருவரின் ஒரு நாளை, அதுவும் என் முடிவால் கெட்டுப்போன ஒரு நாளை, என்னால் எழுத முடியவில்லை.

பிறகு இருவர் இருவராக இருந்து இரண்டாவது தாளை மட்டும் வாசித்தோம். கேட்பவர் பாராட்டக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது. வெறுமையான இடங்களைப் பற்றி மட்டும் கேள்வி கேட்கலாம். எனக்கு இணையாக வந்தவர் '95' என்று எழுதிய அதே பிரதி அதிபர். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டபோது கைபேசி வழியே வகுப்புகளைத் தொடர்வதென அவர் எடுத்த முடிவை, மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைபேசி உள்ள வீட்டின் நடுப்பிள்ளையாக இருந்து எழுதியிருந்தார். கைபேசி எந்தப் பிள்ளையின் கைக்குப் போனது என்ற இடத்தில் அவருடைய கோடு இருந்தது. "மூத்தது ஓ.எல். சோதனை எடுக்கிறபடியால் அதுக்குத்தான் குடுத்திருப்பினம்" என்று அவரே சொல்லத் தொடங்கி, ஊகிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார். வெதுப்பகக்காரப் பெண், மாவும் எரிவாயுவும் இல்லாமற் போன மாதங்களில் தான் நிறுத்திய வேலையாளாக இருந்து எழுதியிருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அவருடைய தாளில் என்ன இருந்தது என்று நான் கேட்கவில்லை.

இந்தப் பயிற்சியின் நுட்பம் அந்தக் கோடுகளில் இருக்கிறது. 'மற்றவர் இடத்தில் இருந்து பார்' என்று நமக்கு எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். நாமும் பார்க்கிறோம், பார்த்து, நமக்கு வசதியான ஓர் ஆச்சியைக் கற்பனை செய்து, அவரும் நம்மை மன்னித்துவிட்டதாகக் கற்பனை செய்து எழுந்து போகிறோம். கற்பனையைத் தடைசெய்து அறியாமையைத் தாளில் அடையாளப்படுத்தும்போதுதான் அது பரிசோதனையாகிறது.

ஆனால் செயலமர்வு இங்கேதான் கைவிட்டுவிடுகிறது. பயிற்சி முடிந்ததும் இளைஞர் மீண்டும் வந்து, வண்ணத் துண்டுகளைக் கொடுத்து, கற்றுக்கொண்டதை ஒரு வரியில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொன்னார். இந்த வெறுமையான இடங்களை என்ன செய்வது என்று நான் கேட்டேன். அவை உங்கள் வளர்ச்சிக்கான இடங்கள் என்றார். இப்படிப்பட்ட விடைகளை எங்கே தயாரிக்கிறார்களோ தெரியாது. தேநீர் இடைவேளையில் ஆசிரியை என்னருகே வந்து, தட்டிலிருந்த ரோல்ஸை எடுத்தபடி, "ஆச்சி உயிரோடதானே இருக்கிறா?" என்று கேட்டார். அவ்வளவுதான். கட்டணத்துக்குள் அடங்காத அந்தக் கேள்விதான் முழுச் செயலமர்வின் முடிவுரையாக இருந்திருக்க வேண்டும். கைந்நூலின் 64 பக்கங்களில் அது எங்கும் இல்லை.

அடுத்த வாரம் வாடிக்குப் போனேன். ஆச்சி மீனைப் பிளந்துகொண்டிருந்தார். நான்கு வருடத்துக்கு முந்திய கதையை இப்போது ஏன் கேட்கிறேன் என்று முதலிற் சந்தேகப்பட்டார்; ஏதாவது கணக்குப் பரிசோதனை வந்திருக்கிறதோ என்று நினைத்தாராம். பிறகு சொன்னார்: "எண்ணெய் இல்லாட்டி இல்லைத்தான் மோனை, அது உன்ர பிழையே? தொழிலுக்குப் போறவங்களுக்குக் குடுத்தது சரிதான். ஆனா விடியவே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் விறகு பொறுக்கப் போயிருப்பன். பன்ரண்டு மணி மட்டும் வெயிலுக்க நிண்டதுதான் வீணாப் போச்சு."

இது நான் எதிர்பார்த்த விடை அல்ல. எண்ணெய் கொடுக்காததற்காக ஏசுவார் என்று நினைத்து, அதற்குரிய பதில்களை ஆயத்தம் செய்துகொண்டு போயிருந்தேன். பங்கீடு சரிதானா என்பதைத்தான் நான்கு ஆண்டுகளாக எனக்குள் விவாதித்து வந்திருக்கிறேன். அந்த விவாதத்தில் ஒவ்வொரு முறையும் நானே வென்றேன். ஆனால் வீட்டுக்காரருக்கு எண்ணெய் இல்லை என்பது பவுசர் வருவதற்கு முன்பே, முதல் நாள் இரவே, பட்டியலை எழுதிய எனக்குத் தெரியும். விடியப்புறம் அதைச் சொன்னால் வரிசை குழம்பும், படகுக்காரருக்கு ஊற்றும் வேலை தடைப்படும் என்று பயந்து சொல்லாமல் விட்டேன். எல்லாம் ஊற்றி முடிந்தபின் ஒரு பெடியனை அனுப்பி, முடிந்துவிட்டது, போகச் சொல் என்றேன். 'மிகவும் அமைதியாகப் பகிர்ந்தளித்தேன்' என்று நான் எழுதிய அமைதி, கானோடு நின்றவர்களுக்கு உண்மையைச் சொல்லாமல் வாங்கிய அமைதி. மண்டபத்தில் எத்தனை தாள் எழுதியிருந்தாலும் இது எனக்கு வெளித்திருக்காது, ஏனென்றால் நான் தேடிய இடத்தில் அது இருக்கவில்லை.

ஆகவே நடத்துவோருக்கு என் இரண்டாவது வேண்டுகோள்: இரண்டு நாளையும் ஒரே வார இறுதியில் வைக்காதீர்கள். எழுதும் பயிற்சியை முதல் நாளில் வைத்து, இரண்டு வாரம் இடைவெளி விட்டு, வெறுமையான இடங்களில் மூன்றையாவது உரியவரிடம் கேட்டு நிரப்பிக்கொண்டு வரச் சொல்லுங்கள். இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் இருப்பார்கள், கேட்டால் புண்படக்கூடியவர்களும் இருப்பார்கள். யாரிடம் கேட்கலாம், யாரிடம் கேட்கக் கூடாது என்று வழிகாட்ட ஆசிரியை போன்ற ஒருவர் வேண்டும். அதற்குக் கட்டணத்தைக் கூட்டினாலும் கொடுப்பேன்.

எஞ்சியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஞாயிறு பிற்பகலில், அமெரிக்க உளவியலாளர் கேரி கிளைனின் முறை என்று சொல்லி, 'ஆறு மாதம் கழிந்துவிட்டது, உங்கள் முயற்சி தோற்றுவிட்டது, ஏன் தோற்றது என்று எழுதுங்கள்' என்றார்கள். திட்டத்தில் உள்ள ஓட்டைகளை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லவைப்பது அதன் நோக்கம். பயனுள்ளதுதான், ஆனால் நடக்காத கேட்டை வாயாற் சொல்லவே தயங்கும் ஊர் இது. வெதுப்பகக்காரப் பெண், தன் கடை மூடப்படுவதாகத் தன் கையால் எழுதமாட்டேன் என்று மறுத்துவிட்டார். அவர் மறுத்ததை நான் மூடநம்பிக்கை என்று சொல்லமாட்டேன்; அவருடைய கடை ஒரு முறை உண்மையாகவே மூடப்பட்டது. 'பக்கத்து ஊர்ச் சங்கம் தோற்றுவிட்டது' என்று கேள்வியை மாற்றியிருந்தால் எல்லோரும் உற்சாகமாக எழுதியிருப்போம்.

கைந்நூலின் அச்சு நன்று, மொழி மோசம். ஆங்கிலத்திலிருந்து பிடுங்கி நட்ட வாக்கியங்கள். 'உங்கள் உள்ளார்ந்த தலைவரைக் கட்டவிழ்த்து விடுங்கள்' என்ற வரியைப் பார்த்த போதகர், அவரை யார் கட்டிவைத்தது என்று கேட்டார். சாப்பாட்டில் குறை இல்லை: குத்தரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றங்காய், சொதி, இரண்டாம் நாள் மீன். மீன் முதல் நாளையது என்று எனக்குத் தெரிந்தது, மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது. மண்டபத்தின் மின்விசிறிகள் இரண்டு சத்தம் போட்டன.

தொலைபேசிவழி ஆலோசனை என்பது எனக்கு ஒரே ஒரு அழைப்பாக முடிந்தது. மூன்றாவது வாரத்தில் ஒரு பிள்ளை பேசினார். பத்துக்கு எத்தனை புள்ளி கொடுப்பீர்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆச்சியைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோது, அடுத்த கேள்விக்குப் போகலாமா ஐயா என்றார். மூன்று மாதம் என்று அறிவித்தலில் எழுதிவிட்டு இப்படிச் செய்வது சரியல்ல. ஒன்றில் ஒழுங்காகச் செய்ய வேண்டும், அல்லது அந்த வரியை எடுத்துவிட வேண்டும்.

நான்கு கேள்வி முறையை மட்டும் எங்கள் சங்கத்தில் ஒரு முறை நடத்திப் பார்த்தோம், சுயவிமர்சனம் என்ற சொல்லைப் பயன்படுத்தாமல். டித்வா புயலுக்கு முதல் நாள் படகுகளைக் கரையேற்றியதை எடுத்துக்கொண்டோம். கோவில் ஒலிபெருக்கியில் அறிவித்தது கிழக்குப் பக்கத்து வாடிகளுக்குக் கேட்கவேயில்லை என்பது, நான் பின்வாங்கில் இருந்து வாய் திறக்காமல் இருந்தபடியால்தான், பத்தொன்பது வயதுப் பெடியன் ஒருவன் வாயிலிருந்து வந்தது. அவன் அதை முன்பும் யாரிடமோ சொல்லியிருக்கிறான். எங்களிடம் வந்து சேரவில்லை. இப்போது அந்தப் பக்கத்துக்குச் சைக்கிளில் போய்ச் சொல்ல இருவரைப் பெயர் குறித்திருக்கிறோம், எண்ணெய் வந்தாலும் புயல் வந்தாலும், வராவிட்டாலும்.

புதிதாகப் பொறுப்புக்கு வந்தவர்களுக்கு இச்செயலமர்வு அவ்வளவு பயன்படாது. எழுதுவதற்கு அவர்களிடம் முடிவுகள் இருக்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் ஒரு கதிரையில் இருந்து, தன் கதையைத் தானே பலமுறை சொல்லிப் பழகிவிட்டவர்களை அனுப்புங்கள். அடுத்த செயலமர்வுக்கு எங்கள் செயலாளரை அனுப்ப நிருவாக சபை 7,500 ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. முதல் நாள் பிற்பகல் கப்பற் கதை நடக்கும்போது வெளியே போய்த் தேநீர் குடித்துவிட்டு வரலாம் என்றும், இரண்டாம் நாள் காலை எட்டரைக்கு முன் கதிரையில் இருக்க வேண்டும் என்றும், அதற்கு முன்னர் ஆசிரியைதான் வருகிறாரா என்று தொலைபேசியிற் கேட்டு உறுதிசெய்துகொண்டு காசைக் கட்டும்படியும் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.